அதிகாலையில் எழுந்து

பழைய மாணவிகள் சங்கம் வெளியிடும் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் மூன்றாம் தடவையும் கேட்டுவிட்டார். பரிசளிப்பு விழாவைப் பற்றியும் வலைப்பந்தாட்ட அணியைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு எழுத இருப்பது 1994 இல் உடுவில் மகளிர் கல்லூரி விடுதியில் நடந்த ஒரு மாலை ஜெபத்தைப் பற்றி.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் போய் வருடக்கணக்காகியிருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பதே அபூர்வம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள்ளால் திரியை இழுத்துக் கொளுத்துவோம். அந்தச் சின்னச் சுடரைச் சுற்றித்தான் படிப்பு, ஜெபம் எல்லாம். அன்று சமய பாட ரீச்சர் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை வாசித்தார். ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா தேசத்துக்குக் கூட்டிப் போகிற பகுதி.

வாசித்து முடித்ததும் ரீச்சர் பிரசங்கம் செய்யவில்லை. ஒரு கேள்வி கேட்டார். "இதிலை ஆபிரகாம் அழுதார் எண்டு எங்கையாவது எழுதியிருக்கோ?"

தேடிப் பார்த்தோம். இல்லை. அழுததாகவோ, சாராளிடம் சொன்னதாகவோ, அந்த இரவு நித்திரை கொண்டதாகவோ ஒன்றும் இல்லை. "அதிகாலையில் எழுந்து" என்று இருக்கிறது. கழுதைக்குச் சேணம் கட்டினார், கட்டைகளைப் பிளந்தார், புறப்பட்டார். மூன்றாம் நாள்தான் அந்த இடத்தைத் தூரத்திலே கண்டார். "அவரின்ரை மனசுக்குள்ளை என்ன இருந்ததெண்டு வேதம் சொல்லேல்லை. கை என்ன செய்ததெண்டுதான் சொல்லுது" என்றார் ரீச்சர்.

எனக்குப் பக்கத்தில் இருந்த என் சிநேகிதி சைவப் பிள்ளை. விடுதியில் இருந்தபடியால் மாலை ஜெபத்துக்கு எங்களோடு வந்து இருப்பாள். அவள் பயப்படாமல் கேட்டாள். "பிள்ளையைக் கேக்கிற கடவுளை எப்படி ரீச்சர் கும்பிடுறது? எங்கட சிறுத்தொண்டர் கதையும் இப்பிடித்தான். எனக்கு அதுவும் விளங்கிறேல்லை."

நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். ரீச்சர் கோபிக்கவில்லை. "அந்தக் கதையைச் சொல்லு பாப்பம்" என்றார். அவள் சொன்னாள். வீடு தேடி வந்த பைரவ அடியார் பிள்ளைக் கறி கேட்டது, தாயும் தகப்பனும் சீராளனை அறுத்துச் சமைத்தது, கடைசியில் வாசலில் நின்று மகனைக் கூப்பிடச் சொன்னது. "அப்ப அவன் பள்ளிக்கூடத்திலை இருந்து ஓடி வாறவன் மாதிரி ஓடி வந்தானாம் ரீச்சர்."

ரீச்சர் எழுந்து யன்னல் பக்கம் போனார். வெளியே இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் திரும்பி வந்து, "நல்ல கேள்வி. என்னட்டை மறுமொழி இல்லை. ஜெபிப்பம்" என்றார். அவருக்கு மறுமொழி தெரியவில்லை என்றுதான் நாங்கள் அன்று நினைத்தோம்.

அடுத்த வருடம் ஒக்ரோபர் 30. அந்தத் தேதியைப் பற்றி இந்த மலரை வாசிக்கிற அநேகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. போர் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரைச் சுற்றிய வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் சனம் அடி எடுத்து வைக்க இடமில்லாமல் நின்றது. மழை. தாகத்துக்குக் குடையைத் தலைகீழாகப் பிடித்துச் சேர்ந்த தண்ணீரைக் குடித்தோம். அப்பா சைக்கிளில் உரப்பைகளைக் கட்டியிருந்தார், நான் தம்பியின் கையைப் பிடித்திருந்தேன். பாலம் தாண்ட விடிந்துவிட்டது.

மீசாலையில் நாங்கள் ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் ரீச்சரும் இருந்தார், வயதான தாயாரோடு. முதல் நாளே எங்கிருந்தோ ஒரு கிடாரத்தைத் தேடிப்பிடித்துவிட்டார். கைக்குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும் என்று பெரிய பிள்ளைகளை அழைத்து வேலை பிரித்தார். விறகு எல்லாம் ஈரம். ஒருவர் கொத்த, ஒருவர் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிக் காய வைக்க, ஒருவர் ஊத. ஒவ்வொரு நாளும் விடிய முதல் எழும்பி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கோடாலியை எடுப்பது அவர்தான்.

ஒரு பின்னேரம் ரீச்சரின் தாயார் என்னிடம் தானாகவே சொன்னார். ரீச்சருக்கு ஒரே ஒரு மகன். 1990 இல் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் ஷெல் விழுந்து போய்விட்டான். பன்னிரண்டு வயது.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. யன்னலடியில் நின்ற அந்த முதுகுதான் கண்ணுக்குள் நின்றது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருகிறவன் மாதிரி.

விடியற்காலம் அடுப்படிக்குப் போனேன். பதினாறு வயதில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிவதில்லை. "ரீச்சர், ஈசாக்குக்குப் பதிலா ஆட்டுக்கடா வந்தது. உங்களுக்கு வரேல்லையே" என்று கேட்டுவிட்டேன்.

கோடாலியை நிறுத்தினார். "வரேல்லைத்தான் பிள்ளை" என்றார். "ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் அவரிட்டைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். அவர் நல்லவர் எண்டதை மட்டும் விடமாட்டன். விட்டா எனக்குக் கேக்கிறதுக்கும் ஆள் இல்லை." பிறகு, கொத்திய கட்டைகளைக் காட்டி, "அதை இஞ்சாலை தள்ளு. பிள்ளையள் எழும்பப் போகுதுகள்" என்றார்.

சோதனைக்குப் பிறகு கர்த்தர் எல்லாவற்றையும் இரட்டிப்பாய்த் திருப்பித் தருவார் என்று சொல்லும் பிரசங்கங்களை அதன் பிறகு எத்தனையோ கேட்டிருக்கிறேன். என்னால் அவற்றுக்கு ஆமென் சொல்ல முடிவதில்லை. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தில் சிலர் சாகக் கொடுத்தவர்களை உயிரோடு திரும்பப் பெற்றார்கள், சிலர் பட்டயத்தால் வெட்டுண்டு மரித்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே விசுவாசம் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. எங்கள் கல்லூரியை 1824 இல் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரும் அந்த இரண்டாவது கூட்டம்தான். படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பிய மகன் சாள்ஸ் சிறுவனாகவே 1832 இல் அங்கே இறந்தான். 1833 ஜனவரியில் அம்மையார் உடுவிலிலேயே இறந்தார். தொடங்கி ஒன்பது வருடம்கூட ஆகாத பள்ளிக்கூடம். அதில்தான் நாங்கள் எல்லோரும் படித்தோம். ஸ்தாபகர் தினத்தில் அவருடைய பெயரை எத்தனை தடவை சொல்லியிருப்போம், அந்தத் தாயின் துக்கத்தை நான் ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்ததில்லை.

1996 இல் சனம் வலிகாமத்துக்குத் திரும்பியது. பிறகு நான் ரொறன்ரோ வந்தேன், கலியாணம், இரண்டு பிள்ளைகள். அதை விபரிக்கத் தேவையில்லை. 2013 மாசி மாதம் என் கணவர் புற்றுநோயால் போய்விட்டார். பதினொரு மாதம் ஜெபித்தோம், சபையே உபவாசம் இருந்தது. அவருக்கு வயது நாற்பத்தொன்று. எனக்கும் ஆட்டுக்கடா வரவில்லை.

அடக்கம் முடிந்து, வந்திருந்த உறவினர்கள் போன அடுத்த நாள் கடும் பனி. அதுவரை பனி தள்ளுவது அவருடைய வேலை. விடிய ஐந்து மணிக்கு நான் கட்டிலில் கிடந்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. கடவுளோடு கதைக்கவே விருப்பம் இல்லை. சின்னவனைப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு விட வேண்டும், வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி. அப்போதுதான் அந்த வசனம், தேடாமலே, வந்தது. அதிகாலையில் எழுந்து. சரி என்று எழும்பினேன். அவருடைய சப்பாத்தையே போட்டுக்கொண்டு போய் வாசலிலிருந்து வீதிவரை தள்ளினேன். கை விறைத்துப் போயிற்று. மனம் ஆறவில்லை. ஆனால் பாதை திறந்தது, பிள்ளை பஸ்ஸுக்குப் போனான். அடுத்த நாளும் தள்ளினேன். ஜெபம் திரும்பி வந்தது பங்குனி முடிவில், அதுவும் ஒரு சண்டையாகத்தான் வந்தது.

அந்தக் கிழமை உடுவிலுக்குப் போன் எடுத்தேன். ரீச்சருக்கு அப்போது எழுபதை நெருங்கும் வயது, காது மந்தம். இரண்டு தடவை பெயர் சொன்ன பிறகுதான் பிடிபட்டது. செய்தி ஏற்கெனவே தெரிந்திருந்தது. தேறுதல் வசனம் ஒன்றும் சொல்லவில்லை.

"பிள்ளையள் சாப்பிட்டுதுகளோ?"

"ஓம் ரீச்சர்."

"நீ?"

"இல்லை ரீச்சர்."

"முதல் சாப்பிடு. நான் வைக்கேல்லை, பிடிச்சுக்கொண்டிருக்கிறன்."

நான் அழுதுகொண்டே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சோற்றை எடுத்துச் சாப்பிட்டேன். அவர் அந்தப் பக்கம் ஒன்றும் பேசாமல் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும்தான் மகனைப் பற்றிக் கதைத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. சைக்கிளில் கையை விட்டு ஓடுவானாம். தோடம்பழம் என்றால் உயிராம். அவனுடைய பெயரையும் சொன்னார்.

ரீச்சர் இப்போது இல்லை. அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. இரவு ஜெபத்தில் என் கணவருக்காக நன்றி சொல்லும்போது அவனுக்காகவும் சொல்கிறேன். பிறகு அலாரத்தை நாலே முக்காலுக்கு வைத்துவிட்டுப் படுக்கிறேன்.