மேற்கே கறுக்கும் வானம்: ஒரு சீசன் முழுக்க வாட்டர்கலர் பயிற்சி

தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூன் பிறந்தால் மேற்கே பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும். துணி காயப்போட்டவர், வத்தல் உலர்த்தியவர், வண்டியை வெளியே எடுப்பவர், எல்லோரும் மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. என் அத்தை அடுப்படியில் இருந்தபடியே, "மேக்க கறுத்துட்டு வருது, கொடியில கெடக்குறத எடுத்துரும்மா" என்பார்கள். அப்படித் துணி எடுக்க மாடிக்குப் போன ஒரு நாள்தான் இந்த வானத்திடம் மாட்டிக்கொண்டேன். சீசன் முடியும்வரை வானத்தை மட்டுமே வரைவது என்று அன்றைக்கே முடிவு. இதுவரை 41 தாள் ஆகியிருக்கிறது.

முதல் பத்துத் தாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கருமேகம் என்றால் கறுப்பு என்று நினைத்து, டியூபில் வரும் பெய்ன்ஸ் கிரே என்ற கருஞ்சாம்பல் வண்ணத்தை அப்படியே இழுத்தேன். காய்ந்ததும் சிமெண்ட் பூசிய சுவர் மாதிரி இருந்தது. இன்னும் கறுப்பாக்கினேன். சுவர் இன்னும் கனமானது, அவ்வளவுதான்.

அப்புறம் அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் தாளிலேயே கலக்க விட்டேன். இது நிறையப் பேர் சொல்லும் வழிதான், ஆனால் கண்ணால் பார்க்கும்போதுதான் ஏன் என்று புரிகிறது. அல்ட்ராமரினின் துகள் தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். ஈரம் இருக்கும்வரை மிதந்து, காயக் காயத் தாளின் சின்னக் குழிகளில் போய் உட்காருகிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மணல் தூவியது போல நீலப் புள்ளிகள், இடையிடையே பழுப்பு. இரண்டடி தள்ளி நின்றால் அதுவே சாரல் அடிக்கும் மேகம். இதற்காகத்தான் சொரசொரப்பான, தடித்த 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பருக்குக் காசு செலவழிக்கலாம் என்பேன். வழவழப்பான தாளில் இந்த வேலை நடக்காது.

அடுத்த தொல்லை ஈரம். மே மாதம் ஐந்து நிமிடத்தில் காய்ந்த அதே தாள், சாரல் நாளில் முக்கால் மணி நேரம் ஆகியும் குளிர்ந்தே கிடக்கிறது. அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் பிரஷை வைத்தால் புதுத் தண்ணீர் பழைய வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய், ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும். தாளின் மினுமினுப்பு போய்விட்டால் மட்டும் போதாது. புறங்கையைத் தாளின் பின்பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. இதைக் கற்றுக்கொள்ள ஆறு தாள் போனது.

இந்த இடத்தில்தான் ஜான் கான்ஸ்டபிளைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்துக்காரர். 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் தங்கி, தாளில் ஆயில் பெயிண்டால் வானத்தை மட்டும் வரைந்து தள்ளியிருக்கிறார். பல படங்களின் பின்னால் தேதி, நேரம், காற்று எந்தத் திசை என்று குறித்து வைத்திருக்கிறார். அவருடைய அப்பா மாவு மில் வைத்திருந்தவர். காற்றாலையில் அரைக்கும் குடும்பத்துக்கு வானத்தைப் பார்க்காமல் பிழைப்பு ஏது? அவர் மேல் எனக்குத் தனிப் பிரியமே வந்துவிட்டது. அன்றிலிருந்து நானும் பின்பக்கம் எழுதுகிறேன்: தேதி, மணி, காற்று, தாள் காய எத்தனை நிமிடம்.

எழுத ஆரம்பித்ததும் ஒன்று பிடிபட்டது. அரபிக்கடலில் இருந்து வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, குளிர்ந்து, பெரும்பாலான மழையைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது காற்று சூடாவதால் மேகம் கரைகிறது. ஆரியங்காவுக் கணவாய் தாழ்வாக இருப்பதால் அந்த வழியாக மட்டும் சாரல் நம் பக்கம் வழிகிறது. அப்படியென்றால் மலை மேல் கவிந்த மேகத்தின் அடி விளிம்பு கரைந்துகொண்டே இருக்கும் விளிம்பு. நான் அதைக் கோடு போட்டாற்போல நிறுத்திக்கொண்டிருந்தேன்! இப்போது மலையின் நீலத்தைக் கீழிருந்து மேலே கொண்டுபோய், மேகத்துக்கு ஒரு விரல் அகலம் முன்பே நிறுத்தி, அந்த இடைவெளியில் வெறும் தண்ணீர் தொட்ட பிரஷை ஒரு இழுப்பு. வண்ணம் தானாக ஊர்ந்து மேகத்துக்குள் போய்க் கரைகிறது.

ஆனாலும் படத்தில் அந்த அச்சம் வரவில்லை. கருமேகத்தை நேரில் பார்க்கும்போது வயிற்றில் ஒன்று இறங்குமே, அது.

அது தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள சுந்தரபாண்டியபுரத்தில்தான் கிடைத்தது. ஆடி மாதம், காலை ஏழரை மணி, சூரியகாந்தி வயல். நன்றாக விரிந்த சூரியகாந்தி கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். மேற்கே மலையைப் பார்த்து நின்ற எனக்கு வயல் முழுக்க என்னையே பார்த்தது. முதுகுப் பக்கம் வெயில், பூவெல்லாம் பற்றி எரிவது போல மஞ்சள், அதற்குப் பின்னால் மலையை மூடிய கருநீலச் சுவர். கண்ணை இடுக்கிப் பார்த்தேன். வழக்கமாக வானம் வெளுப்பு, நிலம் கறுப்பு. இங்கே அப்படியே தலைகீழ். மேகம் நான் இத்தனை நாள் பூசிய அளவுக்குக் கறுப்பே இல்லை, கீழே நிலம் வெளிச்சமாக இருப்பதால்தான் அது அவ்வளவு கறுத்துத் தெரிகிறது. போனில் எடுத்த படமோ இரண்டையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. போனை நம்பி வரைந்ததும் என் தப்புதான்.

வீட்டுக்கு வந்து மூன்று முறை முயன்றேன். முதல் முறை ஆடிக் காற்று தாளைப் பலகையோடு கவிழ்த்தது. இரண்டாவதில் ஈர நீலம் மஞ்சளுக்குள் இறங்கி எல்லாம் பச்சை. மூன்றாவதில் வயலை முதலில் தாளின் வெள்ளை தெரிய மெல்லிய மஞ்சளில் போட்டுக் காயவிட்டு, வானத்துக்கும் வயலுக்கும் நடுவே நூல் அகலம் காய்ந்த தாளை விட்டு, மேகத்தை மிதமான சாம்பலில் நிறுத்தினேன். கடைசி நேரத்தில் சாரல் தெறித்து மேகத்தில் ஏழெட்டு வெள்ளைப் பொட்டு. அவற்றை நான் தொடவில்லை. 27ஆம் தாள் அது. அத்தை பார்த்துவிட்டு, "மழ வந்துரும் போலிருக்கே" என்றார்கள்.

பீரோவில் வைத்திருந்த மிச்சத் தாள்களில் பூஞ்சை பிடித்து, வண்ணம் பட்டால் திட்டுத் திட்டாக உறிஞ்சுகிறது. புதுக் கட்டு வாங்க வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்தால் மேகம் கிழக்கே கட்டும், மாலை வெயில் மலைப் பக்கமிருந்து அதன் மேல் விழும். நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட மாடியில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், துணிக்கொடிக்கு இந்தப் புறம்.