போனில் ஒரு குளத்துப் படம்

பிள்ளைகளோடு சேர்ந்து சூழல் பற்றி அனிமேஷன் படம் எடுக்க நினைக்கிற வன்னி ஆசிரியர்களுக்கு: ஒரு போன் போதும். உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் ஒரு படமாக எடுத்து, தொடர்ந்து ஓட்டுகிறதுதான் முறை. செக்கனுக்கு 12 படம் என்று வையுங்கோ. 40 செக்கனுக்கு 480 தரம் அமத்த வேணும். முதல் முயற்சியில் அதுக்கு மேல் ஆசைப்படாதேங்கோ, சின்னதுகள் களைச்சுப் போகும்.

குளத்துக் களியில் உருவம் செய்தால் வடிவுதான், ஆனால் எங்கட வெயிலுக்குக் காய்ந்து வெடித்துவிடும். கடதாசி மட்டைதான் தோது. கதையில் வரும் கொக்கின் கழுத்து, செட்டை, கால் எல்லாம் தனித்தனியாக வெட்டி, மூட்டில் நூல் கோர்த்து இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுங்கோ. மேசையில் கிடத்தி, இருபுறமும் கல் அடுக்கி, மேலே பலகை வைத்து, போனைக் கீழ்நோக்கிக் கட்டுங்கோ.

பிழைக்கிறது அனேகமாக வெளிச்சத்தில்தான். யன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் முகில் கடக்கிற நேரமெல்லாம் படம் மினுங்கும். யன்னலைச் சாத்தி, ஒரே மின்குமிழில் எடுங்கோ. திரையை அழுத்திப் பிடித்து ஒளியையும் ஃபோகஸையும் பூட்டுங்கோ. வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் கிட்டக் குனிந்தாலும் வெளிச்சம் மாறும்! ஃபானை நிற்பாட்டுங்கோ, மட்டை பறக்கும்.

வசனம் வேண்டாம். ஆவணி, புரட்டாதியில் குளம் வற்ற, அடியில் கிடந்த பொலித்தீன் பைகள் வெளியே தெரிகிறதுதானே, அதுவே கதை. பைகளை வரைந்து, மேலே நீலத்தாளை மூடி, ஒவ்வொரு படத்துக்கும் 2 மில்லிமீற்றர் கீழே இழுங்கோ. 10 செக்கனில் 24 சென்ரிமீற்றர் இறங்கும். கொக்கின் கால் பையில் சிக்குகிற இடத்தில் மட்டும் 12 படத்துக்கு ஒன்றையும் அசைக்காதேங்கோ.