11 வாரம் நான் அப்பாவுக்கு மகனாக இருந்த கதை

இங்கே மலேசியாவில் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று வாரத்துக்கு ஒருவராவது எனக்கு வாட்சாப் அனுப்புகிறார்கள். பெரும்பாலும் பள்ளியில் எஸ்டிபிஎம் தேர்வு முடித்த பிள்ளைகளின் அம்மாக்கள். பாடம் எப்படி, லெக்சரர் எப்படி, பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைக்குமா என்றெல்லாம் கேட்பார்கள். படித்து முடித்தபின் சான்றிதழை ஒழுங்காகக் கையில் கொடுப்பார்களா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குச் சொல்ல இருப்பதே அதுதான்.

படிப்பைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 2019-இல் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தில் நான் கேட்ட துறை கிடைக்கவில்லை. கிடைத்த துறை எனக்குப் பிடிக்கவில்லை. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எல்ஆர்டி ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது, கணக்கியலில் சேர்ந்தேன். வளாகம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு மாடிக் கட்டடம், கீழே மாமாக் சாப்பாட்டுக் கடை. எங்கள் பேட்சில் 14 பேர். ஒரு நாள் மட்டம் போட்டால் மறுநாள் வாசலில் இருக்கும் பாதுகாவலர் அங்கிளே "நேத்து காய்ச்சலாம்மா?" என்று கேட்பார். ஆடிட்டிங் புரியவில்லை என்று ராத்திரி பத்து மணிக்கு லெக்சரருக்கு மெசேஜ் போட்டால் குரல் பதிவாகப் பதில் வரும். பெரிய இடங்களில் படித்த என் தோழிகளுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் விருப்பப் பாடம் நடக்க எட்டுப் பேர் பதிய வேண்டும் என்பது அங்கே விதி. 14 பேரில் எட்டுப் பேரைச் சேர்ப்பது தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பது மாதிரி. நான் கேட்ட வரிப் பாடத்துக்கு ஆறு பேர்தான் தேறினோம். அதற்காக ஒரு செமஸ்டர் காத்திருந்ததில் மூன்று வருடப் படிப்பு மூன்றரை ஆனது. நடுவில் 2020 மார்ச்சில் எம்சிஓ என்ற நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வீட்டு அடுப்படி மேசையில் படித்ததெல்லாம் எல்லாருக்கும் நடந்ததுதான், விட்டுவிடுகிறேன்.

2023 அக்டோபரில் கொன்வோ என்கிற பட்டமளிப்பு விழா, ஒரு ஹோட்டல் மண்டபத்தில். மேடையில் கொடுக்கிற உருளைக்குள் வாழ்த்துத் தாள்தான் இருக்கும், உண்மையான ஸ்க்ரோல், அதாவது பட்டச் சான்றிதழ், ஜூபா அங்கியைத் திருப்பிக் கொடுத்தபின் என்றார்கள். அங்கேதான் நான் செய்த தப்பு. மூன்று மணிக்கு ஜூபா கவுண்டரில் நீண்ட வரிசை, காலில் புதுச் செருப்பு கடிக்கிறது, வெளியே அம்மாவும் அப்பாவும் பசியோடு நிற்கிறார்கள். ஒரு பெரிய நோட்டை என் பக்கம் தள்ளினார்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று மலாயில் போட்டிருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

பார்த்தது அப்பா. மாமாக் கடையில் தே தாரிக் டீ வந்ததும் மேசையைத் துடைக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். தோட்டத்தில் பிறந்து ஆறாம் வகுப்போடு நின்றவர், அவர் வீட்டுக்கு வந்த முதல் பட்டம். பாதியில் நிறுத்தி, "ஏம்மா, இதுல ஏ/எல்-னு போட்டிருக்கே?" என்றார்.

என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ/பி இருக்க வேண்டிய இடத்தில் ஏ/எல். மலாயில் 'அனாக் பெரம்புவான்', இன்னாரின் மகள் என்பதற்குப் பதிலாக 'அனாக் லெலாகி', மகன். தங்க எழுத்து, முத்திரை, துணைவேந்தர் கையெழுத்து எல்லாவற்றோடும்.

திங்கட்கிழமை காலையிலேயே பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் புதியவர். நோட்டைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். நல்ல நிலையில் பெற்றதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார். மறுபடி அச்சடிக்க 150 வெள்ளி (ரிங்கிட்), புதியதில் 'சாலினான்', அதாவது நகல், என்று முத்திரை இருக்கும், அதுவும் அடுத்த கொன்வோவுக்கு அச்சடிக்கும்போதுதான், அதாவது 2024 அக்டோபரில். கூடவே ஒரு சத்தியப் பிரமாணம் வேண்டும். இதை ஏதோ மழை வரும் என்பதுபோல அமைதியாகச் சொன்னார்.

எனக்கு வேலை கிடைத்திருந்தது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தணிக்கை நிறுவனத்தில். அடையாள அட்டையான ஐசியும் ஸ்க்ரோலும் ஒத்துப்போக வேண்டும் என்று எச்ஆர் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நல்லவேளை, படிப்பை முடித்ததற்கான கடிதத்தை ஜூலையிலேயே இரண்டு அசல் பிரதியாக வாங்கி வைத்திருந்தேன், அதில் பெயர் சரி. அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். கடைசிப் பரீட்சை முடிவு வந்த அன்றே இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், இரண்டாக.

அதே எச்ஆர்தான் இன்னொன்றையும் கேட்டார்கள், என் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் முழு அங்கீகாரம் உண்டா என்று. எம்கியூஏவின் அங்கீகாரப் பட்டியல்கள் இணையத்திலேயே இருக்கின்றன. குறிப்பு எண்ணில் எஃப்ஏ என்றிருந்தால் முழு அங்கீகாரம், பிஏ என்றிருந்தால் தற்காலிகம்தான். புதிய படிப்புகளுக்கு முதல் பேட்ச் கடைசி வருடத்துக்கு வரும்போதுதான் முழு அங்கீகாரத்துக்கே விண்ணப்பிப்பார்கள். என்னுடையது எஃப்ஏ. சேரும்போது இதைப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது, அதிர்ஷ்டம்தான். கணக்கியலுக்குப் போகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், 1967 கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணையில் உங்கள் பட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மலேசியக் கணக்காளர் கழகமான எம்ஐஏவில் உறுப்பினராக ஏசிசிஏ மாதிரித் தொழில்முறைத் தேர்வு எழுத வேண்டிவரும்.

சரி, சத்தியப் பிரமாணம். அரை நாள் லீவு போட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். மாடிப்படி ஏறினால் சத்தியப் பிரமாணத்துக்கு முத்திரை குத்தும் கமிஷனர் ஃபார் ஓத்ஸ் ஒருவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. நான் தட்டச்சு செய்து கொண்டுபோனதை இரண்டு முறை படித்தார். "தப்பு பண்ணது அவங்க, சத்தியம் பண்றது நீயாம்மா?" என்றார். எனக்கு வாயே வரவில்லை. "நீ ஏ/பி-னு சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தா, பேரைத் தப்பாக் கொடுத்ததே நீதான்னு ஆயிடும். ஆஃபர் லெட்டர்ல என்ன இருக்குன்னு மொதல்ல பாரு" என்றார். முத்திரை குத்தவில்லை, காசும் வாங்கவில்லை.

ஆஃபர் லெட்டரா? நான்கு வருடத்துக்கு முன்னால் வந்த தாள். என் அலமாரியில் இல்லை, மின்னஞ்சலில் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். சாமி அறை மேல்தட்டில் இருந்து பழைய பிஸ்கட் டின்னை இறக்கினார். என் பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம், அதற்கடியில் நாலாக மடித்த ஆஃபர் லெட்டர். தெளிவாக ஏ/பி. பரீட்சைச் சீட்டுகளிலும் ஏ/பி. டிரான்ஸ்கிரிப்டிலும் ஏ/பி. ஆக, ஸ்க்ரோல் பட்டியலைத் தட்டியவர்தான் தவறவிட்டிருக்கிறார்.

அன்று ராத்திரி கடிதம் எழுதும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஸ்க்ரோலில் பெயருக்குக் கீழே என் ஐசி எண் இருக்கிறது. ஐசியின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். என்னுடையது 4-இல் முடிகிறது. அந்த ஒரே தாளில் ஒரு வரி என்னை மகன் என்கிறது, அடுத்த வரி மகள் என்கிறது! இதைத்தான் கடிதத்தின் முதல் வரியாகப் போட்டேன். கீழே, உயர்கல்வி அமைச்சுக்கு நகல் என்று ஒரு வரி. ஆஃபர் லெட்டரும் இணைப்பு. நேரில் கொடுத்து, என் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கினேன். கவுண்டரில் வாயால் சொன்னது எதுவும் நிற்காது. அந்த முத்திரைதான் நின்றது.

அடுத்த வாரமே போன். பேசியவர் தேர்வுப் பிரிவில் இருந்த அக்கா, மலாயில் காக். முதல் செமஸ்டரிலிருந்து எங்கள் 14 பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர், என் தீபாவளி முறுக்கை வருடா வருடம் வாங்கிச் சாப்பிட்டவர். "உன்னைத் தெரியாதா எனக்கு? நீ ஏன் நேரா என்கிட்ட வரல?" என்று கோபித்துக்கொண்டார். என் பெயரை எல்லாரும் அறிந்த இடம் அது. அச்சுக்குப் போன பட்டியலை மட்டும் அவர்களில் ஒருவரும் படிக்கவில்லை. கட்டணம் இல்லை, 'சாலினான்' முத்திரை இல்லை, ஆனால் கையெழுத்துக்கு நாளாகும் என்றார். நவம்பர் போனது, டிசம்பர் போனது. போன் பண்ணும்போதெல்லாம் "சபார் யா, டிக்", பொறுமையாக இரு தங்கச்சி என்பார். எச்ஆர் கொடுத்த தவணையில் பத்து நாள் மிச்சம் இருந்தபோது வரச் சொன்னார்கள்.

பழையதைத் திருப்பிக் கொடுத்தேன். அதே பெரிய நோட்டு, அதே கட்டம். இந்த முறை பேனாவைத் தொடவில்லை. விரலை வைத்து முதல் வரியிலிருந்து படித்தேன். பெயர், ஏ/பி, ஐசி எண், படிப்பின் பெயர், தேதி, பின்பக்கம்கூட. எனக்குப் பின்னால் நின்ற பையன் இரண்டு முறை தொண்டையைச் செருமினான். செருமட்டும். எல்லாம் முடிந்தபின் கையெழுத்துப் போட்டேன், பக்கத்தில் நேரத்தையும் எழுதினேன், 10.42. காக் சிரித்தார்.

வீட்டில் அப்பா குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மேசையைத் துடைத்தார், கண்ணாடியைப் போட்டார், மேலிருந்து ஒவ்வோர் எழுத்தாக. ஐசி எண் வந்ததும் விரலை நிறுத்தினார்.

"நாலு," என்றார். "பொம்பளப் பிள்ளைதான்."