புது வோக், வீட்டு அடுப்பு

நம் மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலோ போர்ட் லூயிஸ் சைனா டவுனிலோ வாங்கிச் சாப்பிடும் மின் ஃப்ரிர் (வறுத்த நூடுல்ஸ்), வீட்டில் செய்தால் ஏன் குழைந்து போகிறது? பலரும் சோயா சாஸைத்தான் சந்தேகப்படுவார்கள். சாஸ் மேல் தப்பில்லை. தப்பெல்லாம் தண்ணீர் மேல். கழுவிய கீரையில் ஒட்டியிருக்கும் தண்ணீர், கோழிக்கறி விடும் தண்ணீர், வடித்த நூடுல்ஸில் தங்கிய தண்ணீர். கடைக்காரரின் அடுப்பு அதை நொடியில் ஆவியாக்கிவிடும். நம் வீட்டு அடுப்பால் முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 3 கிலோவாட். அதிலும் பாதிக்கு மேல் வோக்கின், அதாவது சீன வாணலியின், ஓரமாக ஏறிக் காற்றோடு போய்விடும். உள்ளே இறங்குவது 1.2 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுக்க ஆவியாக்க 260 கிலோஜூல் வேண்டும். அதற்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த மூன்றரை நிமிடமும் வோக் 100 டிகிரியைத் தாண்டாது, அதாவது நீங்கள் வறுக்கவில்லை, அவிக்கிறீர்கள். வோக்கை முன்னாலேயே நன்றாகக் காய வைத்தால் போதாதா? 1.6 கிலோ இரும்பை 250 டிகிரிக்குக் காய்ச்சினாலும், அது 100 டிகிரிக்கு இறங்குவதற்குள் தரும் வெப்பம் சுமார் 45 கிராம் தண்ணீரைத்தான் போக்கும். ஒரு பிடி கீரையை உதறாமல் போட்டால் அந்த 45 கிராம் வந்துவிடும்.

ஆகவே வீட்டில் இரண்டு காரியம்தான் கைகொடுக்கும்: உள்ளே போவதெல்லாம் உலர்ந்திருக்க வேண்டும், ஒரு தடவைக்குக் கொஞ்சமாகப் போட வேண்டும். நாலு பேருக்கு மின் ஃப்ரிர் வேண்டுமானால் நாலு தடவை வறுங்கள். எரிச்சலாக இருக்கும்தான், ஆனால் ஒரு தடவைக்கு மூன்று நிமிடம்தான் பிடிக்கும்.

இனி எதை வாங்குவது என்று பார்ப்போம். கார்பன் ஸ்டீல் வோக், 32 முதல் 35 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் கனம், அடி தட்டையாக. உருண்டை அடி பார்க்க அழகு, ஆனால் அதற்கு வளையம் வைக்க வேண்டும். வளையம் வோக்கைச் சுடரிலிருந்து தூக்கிவிடும், இருக்கிற சூடும் குறையும். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்குத் தட்டை அடியைத் தவிர வேறு வழியே இல்லை. நான்ஸ்டிக் வேண்டாம்: 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், வெறும் வோக்கைக் காய்ச்சும்போது அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். அதன் புகை கூண்டுப் பறவைகளைக் கொன்றுவிடும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அலுமினியக் காராய் (வாணலி) காத்தோ பிமான் என்னும் மிளகாய் வடை பொரிக்க அருமையான பாத்திரம்; அதை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையிலிருந்து வந்த வோக்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயோ மெழுகோ அரக்கோ பூசியிருப்பார்கள். வெந்நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, இரும்பு நார் மூன்றும் கொண்டு உள்ளும் வெளியும் தேயுங்கள். விரலால் தடவினால் வழவழப்போ பிசுபிசுப்போ இருந்தால் பூச்சு இன்னும் போகவில்லை. தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் கொதிக்கவிட்டு மறுபடி தேயுங்கள். இந்த வேலையில் சோம்பல்பட்டால் அடுத்த படியில் அந்த அரக்கு கருகி, வீடெல்லாம் நாறி, அதன்மேல் விடும் எண்ணெய் பிடிக்காமல் உரிந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது இரும்பைச் சுட்டு நிறம் மாற்றுவது. மரப்பிடி திருகு போட்டதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாவிட்டால் ஈரத்துணி சுற்றி அதன்மேல் அலுமினியத் தாள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை முழுச் சுடரில் விடுங்கள். இரும்பு முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, நீலம் என்று மாறும். 300 டிகிரிக்கு அருகில் அந்த நீலம் வரும். இரும்பின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது என்பதற்கு அது அடையாளம். எண்ணெய் அந்தப் பரப்பில் நன்றாகப் பிடிக்கும். வோக்கைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு பக்கத்தையும் சுடரில் காட்டுங்கள். 15, 20 நிமிடம் ஆகும். விளிம்பு கடைசிவரை நீலமாகாது, வீட்டுச் சுடர் அவ்வளவுதான். விட்டுவிடலாம்.

பிறகு எண்ணெயில் பழக்குவது. தோசைக்கல் பழக்கியவர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு: கல்லுக்கு விடுகிற அளவு எண்ணெய் இதற்கு ஆகாது. சூரியகாந்தி அல்லது சோயா, சுத்திகரித்த எண்ணெய், அரை டீஸ்பூன் போதும். வோக் சற்று ஆறியதும் துணியால் உள்ளெங்கும் தடவுங்கள். உடனே வேறு உலர்ந்த துணியை எடுத்து, தெரியாமல் எண்ணெய் பட்டுவிட்டது போல முழுக்கத் துடைத்துவிடுங்கள். அப்படித் துடைத்தும் ஒட்டியிருக்கும் படலம்தான் வேண்டியது. புகை கிளம்பி அடங்கும்வரை காய்ச்சுங்கள். ஆறவிட்டு மறுபடி தடவித் துடைத்துக் காய்ச்சுங்கள், மூன்று நாலு முறை. சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி கெட்டியான பூச்சாகிவிடும். படலம் மெல்லியதாக இருந்தால்தான் அது முழுக்க இறுகும். கனமாக விட்டால் மேலே இறுகி உள்ளே பிசுபிசுத்து, மஞ்சள் துளிகளாக நிற்கும். அப்படி ஆனால் இரும்பு நாரால் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், வோக்குக்கு ஒன்றும் ஆகாது. நல்லெண்ணெய் இதற்கு வேண்டாம், சுத்திகரிக்காதது சீக்கிரம் புகைந்துவிடும்.

கடைசியாக இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு கட்டு வெங்காயத்தாள், இஞ்சித் துண்டுகள், ஒரு கைப்பிடி உப்பு போட்டு மிதமான சூட்டில் 15 நிமிடம் ஓரம் வரை புரட்டி வறுத்து, அதைக் கொட்டிவிடுங்கள். இரும்பு வாடை போய்விடும். வோக் இப்போது திட்டுத்திட்டாக அசிங்கமாகத்தான் இருக்கும். கடை விளம்பரத்தில் பார்க்கும் கருமை சில மாதச் சமையலுக்குப் பிறகு தானாக வரும்.

நம் ஊர் வீடுகளில் புது வோக் வீணாவதற்கு முக்கியக் காரணம் புளிப்பு. தக்காளி ருகாய், வினிகர் விட்ட விந்தாய், ரசம் மூன்றும் வாரம் தவறாமல் வைக்கும் வீடுகள் இவை. தக்காளியும் வினிகரும் புளியும் அந்தப் பூச்சைக் கரைத்துவிடும். ருகாய் அரைமணி நேரம் கொதித்தால் வோக்கின் அடி வெள்ளி நிறத்தில் பளபளக்கும், ருகாய் கருத்து, நாக்கில் இரும்பு தட்டும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ருசிதான் போய்விடும். புளிப்பெல்லாம் டெக்சிப் பானையிலேயே நடக்கட்டும். இறக்கும்போது ஒரு கரண்டி வினிகர் தெளிப்பதால் ஒன்றும் ஆகாது, கொதிக்கவிடுவதுதான் கூடாது. வெளுத்த இடத்தை எண்ணெய் தடவிக் காய்ச்சி இரண்டு சுற்றில் சரிசெய்துவிடலாம்.

சமையலுக்கு வருவோம். முதல் சில வாரம் மின் ஃப்ரிர் பக்கம் போகாமல் போல் ரான்வெர்சே (கிண்ணத்தில் அடுக்கிக் கவிழ்க்கும் கோழிச் சோறு) செய்து பழகுங்கள். அதில் குழம்பு கெட்டியான சாஸாக நிற்க வேண்டும், எனவே கொஞ்சம் தண்ணீர் விட்டாலும் கெடாது. பூச்சும் இன்னும் முழுமையாகாத வோக்குக்கு அதுவே ஏற்றது.

இரண்டு பேருக்கு 200 கிராம் எலும்பில்லாத கோழித் தொடைக்கறி, மெல்லிய கீற்றுகளாக. அதில் சோயா சாஸ், சோளமாவு, எண்ணெய் ஒவ்வொன்றும் ஒரு டீஸ்பூன் பிசறி 15 நிமிடம் வையுங்கள். மாவு கறியின் நீரைப் பிடித்து வைக்கும், எண்ணெய் துண்டுகள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். 50 கிராம் காரட், 100 கிராம் தோம்பூஸ் என்னும் சீனக் கீரை (தண்டு வேறு, இலை வேறு), பூண்டு மூன்று பல். சாஸுக்கு 120 மில்லி தண்ணீர் அல்லது கோழிச்சாறு, ஆய்ஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, லேசான சோயா ஒரு மேசைக்கரண்டி, கறுப்புச் சோயா அரை டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன். வேறு கிண்ணத்தில் இரண்டு டீஸ்பூன் சோளமாவை இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து வையுங்கள். இவ்வளவும் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எரியும் வோக்கை விட்டுவிட்டுப் பூண்டு உரிக்க முடியாது.

வெறும் வோக்கைக் காய வையுங்கள். ஒரு துளி தண்ணீர் விட்டால் சீறி மறையும் நிலை போதாது. முத்தாக உருண்டு ஓட வேண்டும். அது சுமார் 200 டிகிரி. இப்போது ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு சுழற்று, உடனே கோழியைப் பரப்புங்கள். 45 விநாடி தொடாதீர்கள். வெந்த பக்கம் தானாக விடும்; முன்னாடியே கிளறினால்தான் பிய்ந்து ஒட்டும். திருப்பி ஒரு நிமிடம், தட்டில் எடுத்துவிடுங்கள். வோக்கை மறுபடி காயவிட்டு, கொஞ்சம் எண்ணெய், பூண்டு 10 விநாடி, காரட்டும் தண்டும் ஒரு நிமிடம், சாஸ் ஊற்றிக் கொதி வந்ததும் இலையும் கோழியும். மாவுக் கரைசலை மறுபடி கலக்கிவிட்டு (மாவு அடியில் படிந்திருக்கும், கட்டி விழுவது இதனால்தான்) இரண்டு தடவையாக ஊற்றுங்கள். அரை நிமிடத்தில் பளபளவென்று திரண்டதும் அணைத்துவிடுங்கள். அதற்கு மேலும் கொதிக்கவிட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் மாவு உடைந்து மறுபடி நீர்த்துவிடும்.

ஆளுக்கொரு முட்டை, ஓரம் மொறுமொறுப்பாக, மஞ்சள் கரு இளகியபடி. எண்ணெய் தடவிய கிண்ணத்தில் மஞ்சள் கரு கீழே பார்க்க முட்டை, அதன்மேல் கோழி, அதன்மேல் சோறு. கரண்டியால் அழுத்தி, தட்டை மேலே கவிழ்த்து, ஒரே மூச்சில் புரட்டி அரை நிமிடம் விட்டுத் தூக்குங்கள். சரிந்து விழுந்தால் சாஸ் அதிகம் என்று பொருள். கிண்ணத்துக்குள் பாதி சாஸ் போதும், மீதியை மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

வோக்கில் முட்டை ஒட்டாமல் வழுக்கத் தொடங்கியதும் மின் ஃப்ரிருக்குத் தயார். ஆளுக்கு 100 கிராம் உலர்ந்த முட்டை நூடுல்ஸ். பொட்டலத்தில் சொன்னதைவிட ஒரு நிமிடம் குறைத்து வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, வடித்து, ஒரு டீஸ்பூன் எண்ணெய் பிசறித் தட்டில் பரப்பி அரைமணி நேரமாவது விடுங்கள். முதல்நாள் இரவே வேகவைத்து ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்தால் இன்னும் நல்லது. முட்டைக்கோஸ் 40 கிராம், காரட் 20 கிராம், கோழி 60 கிராம், முட்டை ஒன்று. முட்டை முதலில், அரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பிறகு கோழி, அதையும் எடுத்து, காய்கறி. அதன்மேல் நூடுல்ஸைப் பரப்பி 40 விநாடி சும்மா விடுங்கள். கடை வாசனையில் பாதி அந்தச் சும்மா இருத்தலில்தான் வருகிறது. புரட்டி இன்னொரு 30 விநாடி. அரை மேசைக்கரண்டி லேசான சோயா, அரை டீஸ்பூன் கறுப்புச் சோயாவை வோக்கின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டதும் பொங்கி லேசாகக் கருகும். பொங்காமல் வழிந்து அடிக்குப் போனால் வோக் சூடு குறைந்துவிட்டது, அடுத்த தடவை அளவைக் குறையுங்கள். முட்டை, கோழி, வெங்காயத்தாள், மிளகு சேர்த்து அணைத்த பிறகு சில துளி சீன எள்ளெண்ணெய். மேசையில் மசாவரு என்னும் மிளகாய் விழுதும் பூண்டுத் தண்ணீரும்.

கழுவ வெந்நீரும் மூங்கில் தூரிகையும் போதும். கொஞ்சம் சோப்பு பட்டால் ஒன்றும் ஆகாது. இரவு முழுக்கத் தொட்டியில் ஊறவைப்பதுதான் கெடுதல். கழுவியதும் அடுப்பில் வைத்துத் துளி ஈரமில்லாமல் காய்ச்சுங்கள். மழை மிகுந்த மேட்டுநில ஊர்களான கியூர்பிப், வாக்கோவா பக்கம் இருப்பவர்கள் மழைக்காலத்தில் ஒவ்வொரு தடவையும் சில துளி எண்ணெய் தடவித் துடைத்தே மாட்டுங்கள். ஒரே இரவில் ஆரஞ்சுப் புள்ளி வந்துவிடும். கடலோர வீடுகளில் உப்புக்காற்றுக்கும் இதே வைத்தியம்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் வீடுகளில் இன்னொரு யோசனை வேண்டும். இந்தப் பூச்சு எத்தனை தேய்த்தாலும் சமைத்ததன் கொழுப்பைக் கொஞ்சம் வைத்திருக்கும். கறி சமைத்த வோக்கை விரதச் சமையலுக்கு எடுக்க மனம் ஒப்பாதவர்கள், 28 சென்டிமீட்டர் அளவில் சின்னதாக ஒன்றை வாங்கித் தாவர எண்ணெயிலேயே பழக்கி, காய்கறிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிலர் பரிந்துரைக்கும் பன்றிக்கொழுப்பு அதில் படவே கூடாது. அந்த நாட்களில் ஆய்ஸ்டர் சாஸுக்குப் பதில் காளான் சாஸ். ஆய்ஸ்டர் சாஸில் சிப்பிச் சாறு இருக்கிறது.