பூட்ஸுக்குள் நடக்கும் இன்னொரு போர்

போர்முனையில் இளம் சிப்பாயின் நாளில் சண்டை கொஞ்சம்தான். மீதியெல்லாம் காவல், மண் வெட்டுவது, அரைத் தூக்கம், பிறகு கால்களைக் கவனிப்பது. இந்தக் கடைசி வேலையில்தான் புதியவர்கள் சோம்பேறிகள்.

ஈர பூட்ஸில் பாதம் பல மணி நேரம் ஊறினால் ‘பதுங்குகுழிப் பாதம்’ வரும். உறைபனி தேவையில்லை; 15 டிகிரி குளிரே போதும். ஈரம் சூட்டை உறிஞ்ச, ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். முதலில் மரத்துப்போகும், தோல் வெளுக்கும். அப்போது பெரிதாக வலிக்காது என்பதுதான் வில்லங்கம். சூடேறும்போது எரிச்சலும் வீக்கமும் கிளம்பும். தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். 1914-15 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் படையில் சுமார் 20,000 பேர் இதனால் முடங்கினார்கள். பிறகுதான் இருவர் இருவராகச் சேர்த்து, ஒருவர் காலை மற்றவர் பார்க்க வைத்தார்கள்.

காலுறை குறைந்தது மூன்று ஜோடி வேண்டும்: ஒன்று காலில், ஒன்று நீர் புகாத பையில், துவைத்துப் பிழிந்தது சட்டைக்குள் உடல் சூட்டில் காயட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதைவிடக் கம்பளியே மேல். ஒரு நேரத்தில் ஒரு பூட்ஸை மட்டும் கழற்றுங்கள், திடீரென்று ஓட வேண்டியிருக்கலாம். விரலிடுக்கைத் துடைத்து, காற்றாட விட்டு, பவுடர் போடுங்கள். நிறையக் கொட்டினால் கட்டிதட்டி, அதுவே உராய்ந்து கொப்புளமாகும்.

துப்பாக்கிக்கும் அதே கதை: புழுதி நிலத்தில் எண்ணெய் அதிகமானால் மண் அப்பி இயக்கம் சிக்கும். மெல்லிய பூச்சு போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் பிரித்துப் போடவும் கூடாது.