குளியலறை வேலை: முதலில் பிளம்பர், கடைசியில் டைல்ஸ்காரர்

சென்னையில் ஒரு பழைய அபார்ட்மென்ட், 5க்கு 7 அடி குளியலறை, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். இப்படியொரு வேலைக்குப் பெரும்பாலும் டைல்ஸ் போடுபவரைத்தான் முதலில் கூப்பிடுகிறோம். ஆனால் ஒழுகுவது டைல்ஸுக்கு அடியில். அதனால் பிளம்பரிலிருந்து தொடங்கினோம்.

அவரிடம் கேட்ட முதல் கேள்வி: "பைப்பை எப்படி டெஸ்ட் பண்ணுவீங்க?" டேப்பைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னவரை விட்டுவிட்டோம். 10 மீட்டர் உயரத்துத் தொட்டித் தண்ணீர் தருவது சுமார் 1 பார் அழுத்தம்தான். அரைகுறையாக ஒட்டிய இணைப்பு அதில் காட்டிக்கொடுக்காது. முனைகளை அடைத்து, கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பவர் வேண்டும். சுவரைப் பூசுவதற்கு முன்பே.

கம்மோடை முதலில் வாங்கிவிடுங்கள். எஸ்-டிராப் (கழிவு தரைவழியே இறங்கும் வகை) என்றால் சுவரிலிருந்து கழிவுக்குழாய் மையம் வரை உள்ள தூரம் மாடலுக்கு மாடல் மாறும். அந்த அளவு, டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. செங்கல்லிலிருந்து அளந்தால் பூச்சும் டைல்ஸும் ஓர் அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும், கம்மோடு உட்காராது.

வாட்டர்ப்ரூஃபிங்தான் யாருக்கும் சொந்தமில்லாத வேலை. பிளம்பர் கொத்தனாரைக் காட்டுவார், கொத்தனார் "அதுக்குத் தனி ஆள் சார்" என்பார். கசிவோ பெரும்பாலும் இருவர் வேலையும் சந்திக்கும் இடத்தில், தளத்தைத் துளைத்துக் குழாய் இறங்கும் ஓட்டையிலும் தரைத் தண்ணீர் வடியும் நகானி டிராப்பைச் சுற்றியும் வரும். அந்த ஓட்டையை அடைப்பது யார் என்று பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு கோட்டிங், ஒன்றுக்குக் குறுக்காக மற்றொன்று. சுவரில் குறைந்தது ஓர் அடி, ஷவர் பக்கம் 6 அடி வரை. காய்ந்ததும் டிராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டுங்கள். மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். இதற்கு முகம் சுளிப்பவர் வேண்டாம்.

டைல்ஸ்காரரின் பழைய வேலை ஒன்றை நேரில் பார்க்க வேண்டும். நாணயத்தால் தட்டினால் பொள்ளென்று சத்தம் வருகிறதா, தண்ணீர் ஊற்றினால் மூலையில் தேங்குகிறதா? வாட்டம், அதாவது தரையின் சரிவு, 80க்கு 1 என்றால் 7 அடிக்கு ஓர் அங்குலம். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, சிமென்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. பசைதான் போட வேண்டும், அதுவும் பல் கரண்டியால் இழுத்து. 7 அடி உயரம் ஒட்ட, கதவு போக, தரையோடு சேர்த்து ஏறக்குறைய 185 சதுர அடி. சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 205 வாங்கினால் போதும். பெட்டிகள் எல்லாம் ஒரே பேட்ச் எண்ணா என்று கடையிலேயே பாருங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் கீசருக்கு 16 ஆம்ப் தனி லைன், எர்த், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கூலி பேசும்போது டைல்ஸ் சதுர அடிக்கு, பிளம்பிங் பாயிண்டுக்கு, அதாவது குழாய் இணைப்பு ஒவ்வொன்றுக்கும். உடைத்த குப்பையை இறக்குவது யார் செலவு என்பதில்தான் சண்டை வரும், முன்பே பேசிவிடுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை இரண்டு வாரம் குளித்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.