பீரோவில் தூங்கும் வாக்காளர் அட்டை

வங்கியில் கணக்குத் தொடங்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். வருகிறவர் நீட்டும் அட்டை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று விளக்குவதிலேயே பாதி நாள் போய்விடும்.

பான் கார்டை நீட்டி, "சார், இது போதும்ல?" என்பார்கள். திருப்பிப் பார்த்தால் முகவரியே இருக்காது. அது வருமான வரிக்காகக் கொடுத்தது. ரேஷன் கார்டு கொண்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் எனக்குச் சங்கடம். "கவர்மென்ட் கொடுத்ததுதானே சார்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் 2017 முதல் வந்த ஸ்மார்ட் கார்டில்கூட குடும்பத் தலைவர் படம்தான் இருக்கிறது. மருமகள் வந்து நின்றால் அது அவரை அடையாளம் காட்டாது. வங்கி ஏற்கும் பட்டியல் சின்னது: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார், 100 நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். பானும் ரேஷனும் அதில் இல்லை.

இந்தப் பட்டியலில் ஆதாரைத் தவிர மற்றதெல்லாம் ஜனங்களுக்கு மறந்தே போய்விட்டது. ஆதார் இல்லையென்றால் ஆளே இல்லை என்கிற மாதிரி பேசுகிறார்கள். 2010-இல் வந்த அட்டை இவ்வளவு சீக்கிரம் இப்படி வேரூன்றியது பெரிய விஷயம்தான். ஆனால் ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டமே சொல்கிறது. பிறந்த தேதிக்கும் அதைச் சான்றாக எடுக்க வேண்டாம் என்று ஆதார் ஆணையமே சொல்லிவிட்டது. வருங்கால வைப்பு நிதியில் 2024 தொடக்கத்திலேயே அதை நீக்கிவிட்டார்கள். வங்கிக் கணக்குக்கு ஆதார் கட்டாயம் என்று யாரையும் நெருக்கக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு உதவித்தொகை வரவேண்டிய கணக்கு என்றால் சங்கதி வேறு.

போன வருஷம் ஒரு பாட்டி வந்தார். ஆயுசு முழுக்கச் செங்கல் சூளையில் கல் சுமந்த கை. விரல் நுனி வழவழவென்று இருந்தது. கருவியில் எந்த விரலை வைத்தாலும் கைரேகை விழவில்லை. இன்னொரு இடத்தில், "ரேகை விழலைன்னா கணக்கு கிடையாது" என்று அனுப்பிவிட்டார்களாம். ஆடு விற்ற பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றார். "ஆத்தா, ஓட்டுப் போடுற கார்டு வெச்சிருக்கீங்களா?" என்றேன். சுருக்குப் பையிலிருந்து எடுத்தார், ஓரம் பிய்ந்த அட்டை. படமும் பெயரும் முகவரியும் தெளிவாக இருந்தன. பான் இல்லாதவர்களுக்கென்று இருக்கும் படிவத்தையும் சேர்த்துப் பூர்த்தி செய்து அன்றைக்கே கணக்கு தொடங்கிக் கொடுத்தோம். விதியில் இருக்கிற வழிதான். அதைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில், 1993-இல் வந்தது இந்த வாக்காளர் அட்டை. இந்தியர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் நேபாளம் போவதற்கு இது செல்லும். 15-லிருந்து 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் அங்கே செல்லாது. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அட்டை கையில் இருந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போட முடியாது. பெயர் இருந்துவிட்டால் ஓட்டுநர் உரிமம், பான் என்று வேறு அட்டையைக் காட்டியும் போடலாம். அதனால் பட்டியலை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம், நம் ஊருக்கே உரிய தலைவலி இனிஷியல். ச. குமார் என்று பள்ளியில் எழுதியிருப்பார்கள். பான் விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே எழுத விடமாட்டார்கள், விரித்தாக வேண்டும். அங்கே குமார் சண்முகம் ஆவார். பாஸ்போர்ட்டில் சண்முகம் குமார். ஆதாரில் குமார் ச. நான்கும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பானையும் ஆதாரையும் இணைக்கும்போது பெயர் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். கல்யாணமான பெண்களுக்கு இது இரட்டிப்பு. பாதி அட்டையில் அப்பா பெயர், பாதியில் கணவர் பெயர். கணவர் இறந்த பிறகு பணம் எடுக்க வரும்போது இதில் மாட்டிக்கொண்டு அவர்கள் அலைவதைப் பார்க்கச் சகிக்காது.

கைபேசியில் எடுத்த போட்டோ எங்கேயும் அட்டை ஆகாது. ஆவணங்களை வைத்துக்கொள்ள அரசு நடத்தும் டிஜிலாக்கர் செயலியில் அரசுத் துறையே வழங்கிய பிரதி இருந்தால் ரயிலிலும் போக்குவரத்துச் சோதனையிலும் செல்லும். நாமாக ஏற்றி வைத்த படம் செல்லாது. லாட்ஜில் ஆதார் நகல் கேட்டால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள்.

பெயரைச் சரிசெய்ய நினைப்பவர்கள் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இனிஷியலை எப்படி விரிப்பது, ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி எப்படி எழுதுவது என்று வீட்டிலேயே முடிவு செய்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஆதாரில் பெயரை ஆயுசுக்கும் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். மையத்தில் தட்டச்சு செய்பவர் அவசரப்படுத்தினாலும் சரி, திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள்.